ஆசிரியர் அறிமுக ஆட்டம்

இதனால் வாட்டில்பிரிட்ஜ் கல்லூரியின் ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள், அம்மாணவர்களைப் பெற்று வளர்த்து ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏற்றிவிட்ட உலகெங்குமுள்ள தாய் தந்தையர், மற்றும் இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைகள் ஆகிய அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: வரும் ஜூலை மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, நகராட்சி மைதானத்தில், கல்வியின் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஆசிரியர்கள் தங்களை மாணவர்களுக்கு முழுமையாகத் திறந்து காட்டுவார்கள். இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை வழங்கப்படும்.

அறிவித்தது அறிவித்தபடியே நடந்தது. பொருளாதாரம் நடத்துகிறவரின் முழங்கால் இரண்டு அங்குலத்துக்குத் திறந்து, உள்ளே இருப்பதை முதல் வரிசை மாணவர்களுக்குக் காட்டியது.

அறிவிப்பில் கையெழுத்திட்டிருந்தவர் கல்லூரி முதல்வர் டாக்டர் லாக்லன் விட்கோம். எல்லோரும் தன்னை லாக்கி என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. அவருடைய கல்லூரி மெல்பர்ன் நகரத்தின் மேற்குப் பக்கத்தில், ஒரு கோழி வறுவல் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள் நேராக நுழைய மதிப்பெண் போதாத பிள்ளைகள் அங்கே ஒரு வருடம் படித்துத் தேறி உள்ளே போவார்கள். லாக்கி அதைப் பாலம் என்பார். பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தங்கள் கார் நிறுத்துமிடத்தில் பாலத்துக்காரர்கள் வண்டியை விடக்கூடாது என்று ஒரு பலகை வைத்ததோடு சரி.

முந்தைய பருவங்களில் புது மாணவர்களுக்கு ஆசிரியர்களை அறிமுகம் செய்வது வேறு மாதிரி. கூடத்தில் வரிசையாக நின்று பெயர், பாடம், பிடித்த பொழுதுபோக்கு மூன்றையும் சொல்வார்கள். பதினான்கு பேருக்கு நடைப்பயிற்சி பிடிக்கும். பிறகு பிஸ்கட். 'ஆசிரியர்களை எவ்வளவு நன்றாக அறிந்துகொண்டீர்கள்?' என்ற கேள்விக்கு மாணவர்கள் ஐந்துக்கு ஒன்றே முக்கால் போட்டார்கள். கல்லூரியை நடத்தும் நிறுவனத்தின் தலைமையகம் லாக்கியைக் கூப்பிட்டுப் பேசியது. அவர் ஒரு வாரம் யோசித்தார். வாழ்க்கையில் தனக்கு எல்லாவற்றையும் கற்றுத்தந்தது எதுவோ அதையே செய்வோம் என்று முடிவுக்கு வந்தார். ஆசிரியர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, நீள்முட்டைப் பந்தை வைத்து ஆடும் அந்த நாட்டுக் கால்பந்தை மாணவர்கள் முன்னால் ஆடுவது.

லாக்கி இளவயதில் ஒரு நாட்டுப்புற ஊரின் இரண்டாம் அணிக்காக ஆறு ஆட்டம் ஆடியவர். ஆறாவது ஆட்டத்தில் ஒருவன் அவர் மூக்கை உடைத்துவிட்டான். விசாரணையில் யார் அடித்தது என்று கேட்டபோது, "யாரும் அடிக்கல, காத்துல மோதிக்கிட்டேன்" என்றாராம். களத்தில் வாங்கியதை வெளியே சொல்லாதவன்தான் ஆட்டக்காரன், சொல்கிறவன் காட்டிக்கொடுப்பவன். முப்பத்தைந்து வருடமாக அந்த மூக்கின் கதையை அவர் பட்டமளிப்பு விழாக்களில் சொல்லிவருகிறார்.

அறிவிப்பின் கடைசி வரியைத்தான் ஆல்டோ பெர்டுச்சி நாலு தடவை படித்தார். ஒரு நிரந்தரப் பணியிடம் காலியாக இருக்கிறது, அதற்கு மனுச் செய்துள்ள இருவரின் கூட்டு மனப்பான்மையும் களத்தில் கவனிக்கப்படும்.

ஆல்டோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணக்கு நடத்துகிறவர். பதினொரு வருடமாக அங்கே பதின்மூன்று வாரத்துக்கு ஒரு ஒப்பந்தம். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் அடுத்ததில் வேலை உண்டா இல்லையா என்று கைபேசிக்கு ஒரு செய்தி வரும். நிரந்தர ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு மேசை. ஒப்பந்தக்காரர்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே நீளப் பலகை. விடைத்தாள், புத்தகம், மார்க்கர் பேனா, மதிய ரொட்டி எல்லாவற்றையும் ஆல்டோ காய்கறி வாங்கப் போகும் சக்கரப் பையில் போட்டு இழுத்துக்கொண்டு அலைந்தார். தாழ்வாரத்தில் அந்தச் சக்கரம் கிறீச்சிட்டாலே கணக்கு வகுப்பு வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஜன்னலோரம் ஒரு மேசை இருந்தது. இயற்பியல் நடத்திய எனிட் என்ற அம்மாளுடையது. வேறொருவர் அதன் மேல் காபிக் குவளையை வைத்தால்கூட விரட்டிவிடுவார். அந்த மேசைக்கு வலதுபக்கம் ஓர் இழுப்பறை, பித்தளைக் கைப்பிடியோடு. இருபது வருடமாக அந்தக் கைப்பிடியில்தான் எனிட் தன் குடையை மாட்டினார். போன மாதம் குடையை எடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த இழுப்பறைக்குள் ஒரு பொருளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து அது அங்கேயே இருப்பதைப் பார்க்க வேண்டும். ஆல்டோவின் ஆசை அவ்வளவுதான். சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மனுச் செய்த இன்னொருவர் மெல்வின் ஸ்டாக்டேல். கட்டுரை எழுதக் கற்றுத்தருகிறவர். எதையும் மூன்றாகப் பிரிக்காமல் அவரால் பேச முடியாது, வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் மனைவி விவாகரத்து மனுவில் சொன்னதாகக் கல்லூரியில் ஒரு பேச்சு. மாணவர் கட்டுரை சொல் வரம்பை ஏழு சொல் தாண்டினால் முட்டை போடுவார். ஆல்டோவின் கணக்குக் கேள்வித்தாளை வாங்கி, விடை சரியா என்று பார்க்காமல் கமாவைத் திருத்தி எல்லோர் முன்னாலும் திருப்பித் தருவார். இதுவும் பதினொரு வருடமாக.

கூட்டு மனப்பான்மையைப் பார்க்க வசதியாக லாக்கி இருவரையும் ஒரே மஞ்சள் அணியில் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தூறல். மைதானம் சேறு. நூற்று நாற்பது புது மாணவர்கள் குளிர்ச்சட்டைகளுக்குள் சுருண்டுபோய் வேலியோரம் நின்றார்கள். உடை மாற்றும் கொட்டகையில் மெல்வின் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஆல்டோ, மூன்று விஷயம் கவனித்தேன். ஒன்று, உன் கால்சட்டை பழசு. இரண்டு, உன் தொப்பை புதுசு. மூன்று..."

"மூணாவத ஆட்டம் முடிஞ்சு சொல்லு."

"வாயிக்குள்ள ரப்பர் கட்டைய வைங்க ரெண்டு பேரும்," என்றார் வேதியியல் நடத்தும் நெரிடா. கிராமத்துப் பெண்கள் அணியில் எட்டு வருடம் ஆடியவர். ஆறடி. கைவிரல்களுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். "பல்லு விழுந்தா பொறுக்கித்தர எனக்கு நேரமிருக்காது."

"நெரிடா, இது நட்புக்காக ஆடுறது," என்றார் நீல அணியின் நூலகர் பெர்சி. ஐம்பது கிலோகூட இருக்க மாட்டார்.

"ஃபிரிட்ஜுல இருந்த என் லசான்யாவ யாரு தின்னதுன்னு எனக்குத் தெரியும் பெர்சி."

நடுவர் உடையில் லாக்கி விசில் ஊதினார். பந்து மேலே போனது. அது கீழே வருவதற்குள் நூலகர் பெர்சி தரையில் இருந்தார். நெரிடா அவரைத் தோளால் மோதிய சத்தம் வேலிவரை கேட்டது. ஈர மெத்தையை மாடியிலிருந்து போட்ட மாதிரி. பெர்சி ஒரு கணம் அந்தரத்தில் இருந்தார், அவர் மூக்குக் கண்ணாடி இன்னும் சற்று அதிக நேரம் இருந்தது. அது ஆட்டவிதிப்படி சரியான மோதல் என்பதால் லாக்கி கைதட்டினார்.

அதற்கப்புறம் பந்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அது ஒரு மூலையில் சேற்றில் தனியாகக் கிடந்தது. பதினைந்து வருடத்துப் பாக்கி மைதானத்தில் தீர்ந்துகொண்டிருந்தது. வகுப்பறையை ஐந்து நிமிடம் முன்னால் காலி செய்யாத சட்ட ஆசிரியரின் வாயில் புள்ளியியல் ஆசிரியரின் தலை இறங்கியது. சட்ட ஆசிரியர் இரண்டு பற்களைச் சேற்றிலிருந்து எடுத்து, கால்சட்டையில் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு மறுபடி எழுந்து போய்ப் புள்ளியியலின் விலாவில் முழங்காலை இறக்கினார். நகல் எடுக்கும் இயந்திரத்தில் காகிதம் சிக்கினால் சொல்லாமல் நழுவிவிடும் பொருளாதாரத்தை மூன்று பேர் சேர்ந்து மடக்கி இழுத்தபோதுதான் முழங்கால் திறந்தது. அவர் கத்திய கத்தலில் மரத்திலிருந்த வெள்ளைக் கொண்டைக்கிளிகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின.

வேலியோரம் லெசோத்தோ நாட்டிலிருந்து வந்திருந்த பலேசா என்ற பெண் பக்கத்தில் இருந்த மங்கோலியப் பையனிடம் கேட்டாள்.

"யாரு ஜெயிக்கிறாங்க?"

"தெரியல. பந்து யாருக்கும் வேணாம் போல."

"நமக்கு கெமிஸ்ட்ரி எடுக்கப்போறது அந்தம்மாவா?"

"ஆமா."

"நான் வீட்டுப்பாடத்த இன்னிக்கே ஆரம்பிச்சிடுறேன்பா."

அந்த மங்கோலியப் பையன் ஒட்கோன். போன பருவம் ஆல்டோவிடம் கணக்கில் தவறி, மறுபடி படிக்க வந்தவன். புதுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பும், ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டு ஓடும் பொறுப்பும் அவனிடம் கொடுத்திருந்தார்கள். ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு நாக்கு வராது. தன் ஊர் வழக்கப்படி ஆசிரியரை 'பக்ஷா' என்றுதான் கூப்பிடுவான்.

நான்கு கால்பகுதிகளாக நடக்கும் ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் லாக்கியின் மூக்கு உடைந்தது. அந்த ஆட்டத்தில் எதிராளியின் முதுகில் ஏறி எம்பிப் பந்தைப் பிடிக்கலாம். நடுவரின் முதுகைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நெரிடா ஓடிவந்து எம்பினார், விசிலோடு திரும்பிய லாக்கியின் முகத்தில் முழங்கால் பதிந்தது. விசில் தொண்டைவரை போய் இருமலோடு வெளியே வந்தது. இடைவேளையில் அவர் இரண்டு நாசியிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு நின்றார். கண்கள் வீங்க ஆரம்பித்திருந்தன. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அதே மூக்கு. அதே பக்கம்," என்றார் எல்லோரிடமும். "யாரு அடிச்சான்னு கேட்டா என்ன சொல்வேன்?"

"காத்துல மோதிக்கிட்டேன்," என்றார்கள் ஆசிரியர்கள் ஆரஞ்சுச் சுளையை உறிஞ்சியபடி. சுளையில் பாதி சிவப்பாக இருந்தது.

மூன்றாவது கால்பகுதி. ஆல்டோவும் மெல்வினும் பின்வரிசையில் பக்கம் பக்கமாக நின்றார்கள். ஆட்டம் மைதானத்தின் மறுகோடியில் குவிந்து கிடந்தது, எல்லோர் பார்வையும் அங்கே. மெல்வின் மேல் அதுவரை ஒரு துளி சேறு இல்லை.

"உன்னிடம் சொல்லவேண்டியது மூன்று உண்டு என்றேனே," என்றார் மெல்வின். "ஒன்று, லாக்கியிடம் நேற்றே பேசிவிட்டேன். இரண்டு, எனிட்டின் மேசையை அளந்து பார்த்துவிட்டேன். என் காபி இயந்திரம் கச்சிதமாக உட்காரும். பெயர்கூட ஒட்டிவிட்டேன்."

"மூணு?"

"மூன்று, உன் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சிலருக்குச் சக்கரப் பைதான் பொருத்தம்."

சொல்லிவிட்டு மெல்வின் ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆல்டோ மறுகோடியைப் பார்த்தபடியே ஓர் அடி பின்னால் வைத்து, இடுப்பைத் திருப்பி, வலது முழங்கையை மெல்வினின் தாடையில் இறக்கினார். எத்தனையோ வருடமாகப் பழகிய கை மாதிரி அது போனது. எலும்பு உடையும் சத்தம் தன் முழங்கை வழியாகவே தோள்வரை ஏறி வந்ததை உணர்ந்தார். மெல்வினின் வாயிலிருந்து ரப்பர் கட்டை தெறித்து விழுந்தது. பிறகு மெல்வின் விழுந்தார், கைகளை ஊன்றாமல், முகம் முதலில். சேற்றில் அவர் மூச்சு சிவப்புக் குமிழியாக வந்தது. தாடை முகத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் இருந்தது.

பயம் வரும் என்று ஆல்டோ காத்திருந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாகப் பந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினார். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. பெர்சியைத் தாண்டி, தாண்டமுடியாத இடத்தில் பெர்சியின் மேல் மிதித்து, நாற்பது அடியிலிருந்து உதைத்தார். பந்து இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவே போனது. மாணவர்கள் ஆர்ப்பரித்தார்கள். அன்றைக்கு விழுந்த ஒரே கோல் அது.

திரும்பி நடந்து வந்தார். மெல்வினைச் சுற்றி ஆட்கள். ஆல்டோ குனிந்து ஸ்ட்ரெச்சரின் முன்பிடியைத் தூக்கினார். வேறு என்ன செய்வதென்று தெரியாததால் தூக்கினார். ஸ்ட்ரெச்சரிலிருந்து மெல்வினின் கண்கள் ஆம்புலன்ஸ்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. லாக்கி, திறந்திருந்த ஒரு கண்ணின் பாதியால் இதைப் பார்த்துத் தன் குறிப்பேட்டில் எழுதினார்: ஆல்டோ, சக வீரனைத் தோளில் சுமந்தார்.

ஆட்டம் முடிந்து, தொத்திறைச்சி சுடும் அடுப்புக்குப் பின்னால் ஆல்டோ முழங்கையைப் பனிக்கட்டிப் பையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஒட்கோன் வந்தான். கையில் தண்ணீர் புட்டிகள்.

"பக்ஷா, நான் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

ஆல்டோ அவனைப் பார்த்தார். "சரி."

"எங்க அப்பா மல்யுத்த வீரரு. எங்க ஊர்ல மல்யுத்தத்துல கை கால் உடையும். ஆனா எதிராளி நம்மளப் பாக்கும்போதுதான் உடைப்போம்."

"ஒட்கோன், இந்தத் தடவை உனக்குக் கணக்குல எதாவது உதவி வேணும்னா..."

"வேணாம் பக்ஷா. நான் படிச்சே தேறிக்குவேன்." புட்டிகளைக் கீழே வைத்தான். "நான் யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். கிளாஸ்ல மட்டும் முன்வரிசையில உக்கார மாட்டேன். கை நீளமா இருக்கு உங்களுக்கு."

அவன் சிரிக்கவில்லை. அவனை யாரும் கேட்கவும் இல்லை. விசாரணைக்கு மாணவர்களை அழைப்பது கல்லூரியின் நற்பெயருக்கு உகந்ததல்ல என்று ஒரு விதி இருந்தது.

விசாரணை அடுத்த புதன்கிழமை. கல்லூரியில் கூட்ட அறைகளுக்கெல்லாம் நற்குணங்களின் பெயர். 'நேர்மை' அறையில் ஹீட்டர் ரிப்பேர் என்பதால் 'மரியாதை' அறையில் உட்கார்ந்தார்கள். மேசைத் தலைப்பில் லாக்கி. மூக்கில் பெரிய கட்டு, இரண்டு கண்ணும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி மூடியிருந்தன. சுவரில் ஒரு திரை. அதில் சிட்னியிலிருந்து மனிதவளத் துறையின் ட்ரூடி பாதி இமை மூடிய நிலையில் உறைந்துபோயிருந்தார். இணைப்பு போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. துண்டிக்க யாருக்கும் தைரியமில்லை.

மெல்வின் எதிரே உட்கார்ந்திருந்தார். மேல் தாடையும் கீழ்த் தாடையும் கம்பியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. முகம் பூசணி அளவுக்கு இருந்தது. பேச முயன்றால் மூக்கு வழியாக ஒரு முனகல் மட்டும்தான் வந்தது.

"மெல்வின் ஒரு புகார் எழுதிக் குடுத்திருக்கான்," என்றார் லாக்கி காகிதத்தைத் தடவியபடி. "எனக்குக் கண்ணு தெரியல. ஆல்டோ, நீயே படிச்சிடு மச்சி."

ஆல்டோ காகிதத்தை வாங்கினார். முழுக்கைச் சட்டைக்குள் முழங்கை துடித்தது. இதோ முடிந்தது என்று நினைத்தார். மேசை, வேலை, ஒருவேளை போலீஸ். தன் குற்றப்பத்திரிகையைத் தானே வாசிக்கும் நிலைமை எத்தனை பேருக்கு வாய்க்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"'இவ்வறிக்கை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதலாவதாக, வன்முறை என்னும் சொல்லுக்கு அறிஞர்கள் அளித்துள்ள வரையறைகள் ஆராயப்படும்...'"

அறிஞர்கள் நீண்ட நேரம் வரையறுத்தார்கள். இரண்டாவதாக, கால்பந்தின் தோற்றமும் வளர்ச்சியும் வந்தன.

"'மூன்றாவதாக, மேற்கூறிய வரையறைகளின் வெளிச்சத்தில், என் தாடையை உடைத்தவர் யார் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படும். அவர்'"

ஆல்டோ நிறுத்தினார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை.

"அப்புறம்?"

"அவ்ளோதான் லாக்கி. 'அவர்'னு முடியுது."

கல்லூரியின் புகார்ப் படிவம் இணையத்தில் இருந்தது. அதில் இருநூற்றைம்பது சொல் மட்டுமே ஏறும். மெல்வின் எழுதியது நாலாயிரம் சொல், அடிக்குறிப்புகள் நீங்கலாக. படிவம் முதல் இருநூற்றைம்பதை எடுத்துக்கொண்டு மீதியைத் தின்றுவிட்டது.

லாக்கி காகிதம் இருந்த திசையில் கையை நீட்டித் தடவினார். பிறகு குரல் உடைந்து சொன்னார்: "'அவர்'. பேனாவ அங்க நிறுத்தியிருக்கான் பாரு. பேர எழுத அவனுக்கு மனசு வரல."

மெல்வினின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. தலையை இடமும் வலமும் ஆட்டினார். கையை நீட்டி ஆல்டோவைக் காட்டினார். லாக்கிக்கு அது நிழலாட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"வேணாம் மெல்வின், நீ ஒண்ணும் விளக்க வேணாம். எனக்குப் புரியுது. உன்னை நான் தப்பா எடைபோட்டுட்டேன், புத்தகப் பூச்சின்னு நெனச்சேன். நீ ஆட்டக்காரன்யா."

மெல்வின் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. மேசைக்கு மேலேயே பாய்ந்து ஆல்டோவின் கழுத்தைப் பிடித்தார். இருவரும் சுவரில் மோதி, 'மரியாதை' என்று சட்டமிட்டு மாட்டியிருந்த படத்தோடு தரையில் விழுந்தார்கள். கண்ணாடி நொறுங்கியது. மெல்வினின் கட்டைவிரல்கள் ஆல்டோவின் குரல்வளைக்குள் இறங்கின. ஆல்டோவின் கைகள் சும்மாவே கிடந்தன. முகத்துக்கு மேலே அந்தப் பூசணி முகம், கம்பிகளுக்கு நடுவே எச்சிலும் ரத்தமும் சொட்டச் சொட்ட. பார்வை ஓரங்களில் கருத்துக்கொண்டு வந்தது. இது நியாயம்தான் என்று ஆல்டோவுக்குத் தோன்றியது. என்னைப் பார்த்துக்கொண்டுதான் செய்கிறான் என்றும் தோன்றியது.

லாக்கி தடவித் தடவி வந்து, இருவர் முதுகையும் தேடித் தட்டிக்கொடுத்தார்.

"கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுங்கடா. வெக்கப்படாதீங்க. அழுதாத்தான் சரியாகும்."

டக்கென்று ஒரு சத்தம். மெல்வினின் தாடைக் கம்பிகளில் ஒன்று அறுந்து ஈறில் குத்தியது. அவர் கைகளை எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு, சுவரோரம் சுருண்டு முனகினார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. திரையில் ட்ரூடி அதே பாதி இமையோடு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"ஆல்டோ, கடைசியா உன்கிட்ட ஒரே ஒரு கேள்வி," என்றார் லாக்கி. "விதிமுறைக்காகக் கேக்குறேன். அன்னிக்கு மெல்வின யாரு அடிச்சதுன்னு நீ பாத்தியா?"

ஆல்டோ வாயைத் திறந்தார். நசுங்கிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தாரா என்பது அவருக்கே பின்னால் நிச்சயமாகத் தெரியவில்லை. மேசையில் காகிதம் இருந்தது, பேனா இருந்தது, எழுதியிருக்கலாம். இரண்டெழுத்துப் போதும், 'நான்' என்று. கை பேனாவின் பக்கம் போய், பக்கத்திலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டது.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி," என்றார் லாக்கி, மூடிய கண்களிலிருந்து நீர் வழிய. "ஒருத்தனும் வாயத் திறக்கல."

விசாரணை முடிவு: காற்று.

மாணவர்களின் மதிப்பீடு அந்த வாரக் கடைசியில் வந்தது. ஆசிரியர்களை எவ்வளவு நன்றாக அறிந்துகொண்டீர்கள் என்பதற்கு ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்பது. அந்த நிறுவனத்தின் முப்பத்திரண்டு கல்லூரிகளில் அதுவரை யாரும் வாங்காத எண். தலைமையகம் லாக்கிக்குக் கேடயம் அனுப்பியது. கல்லூரி இணையதளத்தில் 'எங்கள் ஆசிரியர்கள்' பக்கத்தைப் புதுப்பித்தார்கள். சட்ட ஆசிரியர் வாயை மூடிச் சிரித்தார். பெர்சியின் கழுத்தில் பட்டை இருந்தது. நெரிடாவுக்குப் பிடித்த பொழுதுபோக்கு நடைப்பயிற்சி என்றே இருந்தது.

நிரந்தரப் பணி ஆல்டோவுக்குக் கிடைத்தது. கடிதத்தில் 'சக வீரனைச் சுமந்தவர்' என்று ஒரு வரி. மெல்வினுக்குப் பதின்மூன்று வாரத்துக்கு இன்னொரு ஒப்பந்தம்.

திங்கட்கிழமை காலை ஆல்டோ எல்லோருக்கும் முன்னால் வந்தார். சக்கரப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டார். நீளப் பலகையின் ஓரத்தில் மெல்வின் ஏற்கெனவே உட்கார்ந்து குழாய் வைத்து சூப் உறிஞ்சிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு சக்கரப் பை, புத்தம் புதுசு. ஆல்டோ நேராக ஜன்னலோர மேசைக்குப் போனார். மேசைமேல் ஒட்டியிருந்த 'எம். ஸ்டாக்டேல்' என்ற சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டிலிருந்து உள்ளே வைப்பதற்கென்றே கொண்டுவந்திருந்த சிவப்பு மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு, பித்தளைக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை. ஈரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் என்று இரண்டு கையாலும் இழுத்தார். முழங்கையில் வலி சுரீரென்று ஏறியது. காலை மேசைக் காலில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, உடம்பு முழுவதும் பின்னால் சாய இழுத்தார். சூப் உறிஞ்சும் சத்தம் நின்றது. மரம் கிழிகிற ஓசையோடு கைப்பிடி, பலகை எல்லாம் ஒன்றாகப் பிய்ந்து வந்து அவர் மடியில் விழுந்தது. ஆல்டோ குனிந்து அந்த இடத்துக்குள் பார்த்தார். பின்னால் வெறும் மரம்; பலகையும் கைப்பிடியும் அழகுக்கு ஒட்டியவை.

அந்த மேசைக்கு இழுப்பறை கிடையாது.